தரை தெரியாவிடில் இறங்கலாகாது

வலையபட்டியிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய்வரும் குடும்பங்கள் அநேகம். திருச்சியிலோ மதுரையிலோ மழையின் நிமித்தம் விமானம் இறங்காமல் வேறு ஊருக்குத் திருப்பப்பட்டால், விமானியைக் கடிந்துகொள்ளாத பிரயாணி அருமை. அக்கோபம் நியாயமானதா என்று சிறிது ஆராய்வோம்.

விமானம் இறங்குவதற்குச் சட்டம் இரண்டு வாயில்களை வைத்திருக்கிறது. நிலையத்தில் அறிவிக்கப்படும் பார்வைத்தூரம் நிர்ணயித்த அளவுக்குக் குறைந்திருக்குமாயின், நிலைய மட்டத்திற்கு மேல் 1,000 அடிக்குக் கீழே விமானி வரலாகாது என்பது முதலாவது. முதல் வகுப்புக் கருவி இறக்கத்திற்கு அக்குறைந்த அளவு சாதாரணமாக 550 மீட்டர். 200 அடி உயரத்தை எட்டும்போது ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரிய வேண்டும், தெரியாவிடில் அக்கணமே மேலேறிவிட வேண்டும் என்பது இரண்டாவது. கருவி வசதி குறைந்த நிலையங்களில் இவ்வெல்லைகள் இன்னும் உயர்ந்தவை. ‘இன்னும் சிறிது இறங்கிப் பார்ப்போம்’ என்பதற்கு இடமே இல்லை.

இது வெறும் ஏட்டு விதியன்று. 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து டில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், பார்வைத்தூரம் குன்றிய வானிலையில் பாலம் நிலையத்தை நெருங்குகையில், எல்லை உயரத்திற்குக் கீழே இறங்கி, உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதி வீழ்ந்தது. 65 பேரில் 48 பேர் மாண்டனர். மத்திய மந்திரி மோகன் குமாரமங்கலத்தையும் கம்யூனிஸ்ட் தலைவர் பாலதண்டாயுதத்தையும் தமிழகம் ஒரே இரவில் இழந்தது. விதி அன்றும் இருந்தது. அதைக் கடந்ததே கேடாயிற்று.

விமானியின் திறமையைச் சந்தேகித்து இவ்விதி செய்யப்படவில்லை. கம்பெனியின் கால அட்டவணை, எரிபொருள் கணக்கு, பிரயாணிகளின் முணுமுணுப்பு ஆகிய யாவும் ஒரு மனிதனின் மனத்தை ஒரே பக்கம் இழுக்கும் வேளையில் நடுநிலைத் தீர்ப்பு அரிது. ஆகவே அத்தீர்ப்பைச் சட்டம் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது. நீதிபதி தம் சொந்த வழக்கைத் தாமே விசாரிக்கலாகாது என்ற பழைய நியாயமே இங்கும் விளங்குகிறது.

1934-ம் வருஷத்து விமானச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் புதிய சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினால் மட்டும் போதாது. மேலேறித் திரும்பிய விமானியிடம் எந்தக் கம்பெனியும் செலவுக்குச் சமாதானம் கேட்கலாகாது. சிறிய நிலையங்களுக்கும் சர்க்கார் தக்க கருவிகளை அளித்தல் வேண்டும். பிரயாணிகளாகிய நமது கடமையோ எளிது: வேறு ஊரில் இறக்கப்பட்டாலும், விமானிக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு இறங்குவதே.