ஸ்லைடிலிருந்து காகிதத்துக்கு

தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-இல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. எடுத்தது நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். சினிமாவுக்கு வண்ணம் என்றால் பெரிய லேப் வேண்டியிருந்தது. ஆனால், கேமராவில் எடுத்த வண்ண ஸ்லைடை வீட்டு இருட்டறையிலேயே பிரிண்ட் போட ஒரு வழி பிறந்தது. சுவிட்சர்லாந்தில் உருவான சிபாக்ரோம் காகிதம்தான் அது.

சாதாரண வண்ணப்படக் காகிதத்தில் சாயம் கழுவும்போதுதான் உருவாகும். இதில் மூன்று சாயங்களும் முன்பே பூசப்பட்டிருக்கும். வேண்டாத இடத்துச் சாயத்தை அமிலக் கரைசல் வெளுத்துவிடும். அதனால் எல்லாமே தலைகீழ். என்லார்ஜரில் வெளிச்சம் கூடினால் படம் கறுக்காது, வெளுக்கும். ஸ்லைடில் ஒட்டிய தூசி கறுப்புப் புள்ளியாக விழும். சிவப்பு விளக்கும் ஆகாது. கும்மிருட்டில் காகிதத்தை உருளைக்குள் போட்டு மூடிய பிறகே விளக்கைப் போடலாம்.

கரைசலின் சூடு 24 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். சேலம், நாமக்கல் சித்திரை வெயிலில் அது லேசான காரியமா? பாட்டில்களை ஐஸ் தண்ணீரில் நிறுத்தித்தான் ஆகவேண்டும். அமிலக் கழிவை அப்படியே சாக்கடையில் ஊற்றுவதும் கூடாது.

அந்தக் காகிதத் தயாரிப்பு 2010-களின் தொடக்கத்தில் நின்றுபோனது. வீட்டுப் பரணில் பழைய ஸ்லைடு பெட்டி இருந்தால், பூஞ்சை பிடிக்கும் முன் எடுத்து ஸ்கேன் செய்துவையுங்கள்.