அடிபட்ட வயிறும் குடல்வாலும்

1926 அக்டோபர் 22. மான்ட்ரியலில், பிரின்சஸ் அரங்கின் ஒப்பனை அறையில் சாய்ந்திருந்த மாயவித்தைக்காரர் ஹூடினியின் வயிற்றில் ஒரு மாணவர் அடுத்தடுத்துக் குத்தினார். குத்துப்பட்ட வலிதானே என்று ஹூடினி ரயிலேறிவிட்டார். டெட்ராய்ட்டில் 104 டிகிரி காய்ச்சலோடு மேடையேறினார். மறுநாள் கிரேஸ் மருத்துவமனையில் வயிற்றைத் திறந்தபோது குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. 31-ஆம் தேதி இறந்தார். அந்தத் தொற்றை அடக்கும் பென்சிலின் கண்டறியப்பட்டதே 1928-இல்தான்.

குத்துதான் காரணம் என்று ஏற்று, விபத்து மரணத்துக்கான இரட்டிப்புக் காப்பீடு வழங்கப்பட்டது. இன்று மருத்துவர்கள் பலர் அதைச் சந்தேகிக்கிறார்கள். அடியால் ரத்தம் கட்டியோ வீங்கியோ குடல்வாலின் வாய் அடைபடலாம். ஆனால் அது மிக அரிது. குத்து நோயைத் தரவில்லை, ஏற்கெனவே இருந்த நோயை மறைத்தது என்றே எனக்கும் படுகிறது.

இன்று கலிஃபோர்னியாவின் சான் ரமோனில், அயர்ன் ஹார்ஸ் பாதையில் சைக்கிளோடு விழுந்து ஹேண்டில்பார் வயிற்றில் குத்திய பிள்ளையை ஊருக்குள்ளேயே 1990-இல் திறந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். அங்கே முதல் கவலை மண்ணீரல், கல்லீரல், கணையம். குடல்வால் மேல் சந்தேகம் வந்தால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முதலில் அல்ட்ராசவுண்ட். 1986-இல் நெதர்லாந்தின் புலார்ட் விவரித்த முறை அது: கருவியை வலப்பக்க அடிவயிற்றில் மெல்ல மெல்ல அழுத்துவார்கள். சாதாரணக் குடல் நசுங்கி விலகும். அழற்சி கண்ட குடல்வால் நசுங்காமல், 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து நிற்கும். தெளியாவிட்டால் சி.டி. ஸ்கேன். "வர்ற வழியில ஸ்பீட் பிரேக்கர்ல கார் ஏறினப்போ வலிச்சுதா?" என்ற கேள்விக்குக்கூட ஆய்வின் பலம் உண்டு.

இவ்வளவு இருந்தும் பழைய பொறி அப்படியே இருக்கிறது. முதல் நாள் ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அன்று சாதுவாகத் தெரிந்த குடல்வால் மறுநாள் வீங்கலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, "குடலேத்தம்டா, எண்ணெய் போட்டு நீவி விடறேன்" என்பார். பாசம்தான், ஆனாலும் தடுத்தே ஆகவேண்டும். அடிபட்ட வயிற்றை நீவவே கூடாது.

அடிபட்ட வலி நாளாக ஆகக் குறையவேண்டும். குறையாமல் தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்கம் இறங்கினால், சோறு வேண்டாம் என்றால், வாந்தியோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே திரும்பப் போங்கள். விழுந்த நேரத்தோடு இன்னொன்றையும் சொல்லுங்கள்: விழுவதற்கு முன்பே வயிறு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னதா?