எலி மருந்தும் குதிரையின் இரத்தமும்

காவிரிப் பாசன வயல்களில் வரப்பெலிகள் விளைக்கும் நஷ்டத்தை விவசாயிகள் யாவரும் அறிவர். தஞ்சாவூர்க் கிட்டி என்னும் மூங்கிற் பொறியை வயலில் வைப்பது நம் பகுதிக்கே உரிய பழைய முறையாகும். அதனோடு, புரோமடியோலோன் என்னும் மருந்து கலந்த தீனியும் வைக்கப்படுகிறது. அதில் மருந்தின் அளவு 0.005 சதவிகிதமே. எனினும், அது எலியின் இரத்தத்தை உறையாமற் செய்யும் மருந்து; வயலோரம் மேயும் ஆடு, மாடு, மட்டக்குதிரை முதலியவற்றின் இரத்தத்தையும் அது விட்டு வைப்பதில்லை.

இவ்வகை மருந்தின் வரலாறே மாடுகளின் சாவில் தொடங்குகிறது. 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள், சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் மாண்டன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழுவினர் அவ்விஷத்தைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாயிற்று. புரோமடியோலோன் அதனினும் வலிமை மிக்க பிற்கால உறவு.

இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களிற் சிலவற்றைக் கல்லீரல் வைட்டமின் கே-யின் துணையால் ஆக்குகிறது. இம்மருந்து அவ்வைட்டமின் மீண்டும் பயன்படாதபடி தடுக்கிறது. முன்பே உள்ள புரதம் தீரும்வரை பிராணி நலமாகவே காணப்படும். சில நாட்கள் கழித்தே இரத்தம் கசியத் தொடங்கும். எலி ஐயமின்றித் தின்பதற்கும், உடையவர் ஏமாறுவதற்கும் இத்தாமதமே காரணம்.

குளம்பு நோயால் நொண்டும் குதிரைகளுக்கு மேல்நாட்டு மருத்துவர்கள் 1970-களில் வார்ஃபரினையே அளவறிந்து கொடுத்தனர். வலி தீரப் பெனில்பூட்டசோனும் உடன் சேர்ந்தால் இரத்தப்போக்கு மிகும் என்பது புலனாயிற்று. வார்ஃபரினில் பெரும்பகுதி இரத்தப் புரதத்தோடு ஒட்டிச் செயலற்றுக் கிடப்பது. வலி மருந்து அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வெளியே தள்ளிவிடுகிறது. நமக்கு இது வெறுஞ் செய்தியன்று. எலித் தீனி தின்ற பிராணியின் மூட்டுக்குள் இரத்தம் கசிந்தால் அது நொண்டும். சுளுக்கென்று எண்ணி வலி மருந்து கொடுப்பது கேட்டை வளர்ப்பதாகும்.

ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம், கருஞ்சாணம் ஆகியவை கண்டவுடன் கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும். மாற்று மருந்து வைட்டமின் கே1. கே3 ஊசியோ குதிரையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். புரோமடியோலோன் கல்லீரலில் நெடுநாள் தங்குவதால் சிகிச்சை பல வாரம் நீளும்.

தீனி வைக்கும் நாளைப் பஞ்சாயத்தார் தண்டோரா மூலம் முன்கூட்டியே அறிவிக்கலாம். தீனியை 15 கிராம் பொட்டலங்களாக வளைக்குள் இடவேண்டும்; வரப்பின்மேல் இறைத்தல் கூடாது. செத்த எலிகளைப் புதைத்துவிட வேண்டும். எலி பிடிக்க ஆந்தைக்குத் தாங்கு கோல் நட்டுவிட்டு, நஞ்சுண்ட எலியை அதற்கே இரையாக்குவது என்ன நியாயம்? மருந்து வந்த உறையை எறியாமல் வைத்திருந்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுக.