ஆபிரகாம் பண்டிதரின் பாலைப் பகுப்பும் இயற்கைச் சுர இடைவெளிகளும்

ஆய்வுச்சுருக்கம்

ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' (1917) நூலில் ஒரு ஸ்தாயியை 12, 24, 48, 96 எனச் சமமாகப் பகுத்துக் காட்டினார். இப்பகுப்புகளுள் எவை இயற்கை விகிதச் சுரங்களை நெருங்குகின்றன என்பதை இக்கட்டுரை கணக்கிட்டு விளக்குகிறது.

முன்னுரை

நெரவியை உள்ளடக்கிய காரைக்கால் வட்டாரம் தமிழிசை வரலாற்றில் தொன்மையான சான்று ஒன்றை உடையது. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் துத்தம், கைக்கிளை, விளரி முதலிய சுரப்பெயர்களை அடுக்கிக் கூறுகிறார். பெயர்கள் ஐயமின்றி நிலைத்துள்ளன; அவற்றின் அளவே கருத்து வேறுபாட்டிற்குரியது. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்னும் மரபின்படி அலகுகள் 22 ஆகும். விபுலாநந்த அடிகள் 'யாழ் நூலில்' (1947) இந்த 22 அலகுகளை இயற்கை விகிதங்களின் வழி விளக்கினார். பண்டிதரோ கைக்கிளையிலும் விளரியிலும் ஓரலகு குறைத்தமையால் 24 என்பது 22 ஆயிற்று என்றார்.

சிக்கலின் தோற்றம்

ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் எனக் கொண்டால், 3/2 விகிதமுடைய இளி 702 சென்ட் ஆகும். இதனைப் பன்னிருமுறை அடுக்கினால் ஏழு ஸ்தாயியைக் கடந்து ஏறத்தாழ 23.5 சென்ட் மிகுகிறது. வட்டம் மூடுவதில்லை. இக்குறையை முன்னிறுத்தியே பண்டிதர் சமப் பகுப்பை மேற்கொண்டார். சமப் பகுப்பில் இளி 700 ஆகிறது. இழப்பு 2 சென்ட் மட்டுமே. ஆனால் 5/4 விகிதமுடைய காந்தாரம் 386.3 சென்ட், பன்னிரு பகுப்பில் அது 400 ஆகிறது. ஏறத்தாழ 14 சென்ட் வேறுபாட்டைப் பயின்ற செவி உணரும். தம்புராவின் ஆதார சட்ஜத் தந்தியில் ஐந்தாம் மேலோசையாக ஒலிப்பது இவ்வியற்கைக் காந்தாரமே.

பகுப்புகளின் ஒப்பீடு

ஆயப்பாலையின் 12 பகுப்பை இரட்டித்தால் வட்டப்பாலையின் 24 கிடைக்கிறது. எனினும் காந்தாரத்திற்கு அதில் 350, 400 என்னும் இடங்களே உள்ளன. பிழை சற்றும் குறையவில்லை. 24 பகுப்பால் புதிதாகக் கிடைப்பது வேறொன்று: 11/8 விகிதம் (551.3) 550இல் நன்கு அமைகிறது. திரிகோணப்பாலையின் 48 பகுப்பில் காந்தாரத்திற்கு நெருங்கிய இடம் 375, பிழை 11.3. சதுரப்பாலையின் 96 பகுப்பிலோ ஓரலகு 12.5 சென்ட், காந்தாரம் 387.5இல் அமைய, பிழை 1.2 ஆகச் சுருங்குகிறது. 5/3 விகிதத் தைவதமும் (884.4) 887.5இல் 3.1 சென்ட் பிழையுடன் அமைகிறது. அலகுகளின் எண்ணிக்கை கூடுவதனாலேயே இசைவு கூடிவிடாது என்பது இதனால் பெறப்படும். 53 சமப் பகுப்பு இதற்கு மற்றொரு சான்று: 96ஐவிடக் குறைந்த எண்ணிக்கையிலேயே இளி 0.1 சென்ட்டிற்கும் குறைந்த பிழையோடும் காந்தாரம் 1.4 சென்ட் பிழையோடும் அமைகின்றன.

அலகு குறைத்தலின் பொருள்

இயற்கை விகிதத்தில் காந்தாரமும் தைவதமும் சமப் பகுப்பின் இடங்களினின்று தாழ்ந்தே நிற்கின்றன. பண்டிதர் அலகு குறைப்பதும் கைக்கிளை, விளரி ஆகிய இவ்விரு சுரங்களிலேயே ஆகும். திசை ஒத்திருக்கிறது, அளவு ஒத்திருக்கவில்லை. குறைப்பை வட்டப்பாலையின் 50 சென்ட்டாகக் கொண்டால் காந்தாரம் 350க்கு இறங்கி, இயற்கை இடத்தை 36 சென்ட் தாண்டிவிடுகிறது. சதுரப்பாலையின் ஓரலகாகக் கொண்டால் அவ்விடத்தை ஏறத்தாழ எட்டுகிறது.

முடிவுரை

பண்டிதரை 22 சுருதிக் கொள்கையின் மறுப்பாளராக மட்டும் காண்பது அவருடைய முறையைக் குறுக்கிக் காண்பதாகும். அவர் வகுத்த சதுரப்பாலை, அவர் ஏற்காத விகிதக் கணக்கின் முதன்மையான சுரங்களுக்கும் இடமளிக்கிறது. கமகத்தோடு அசையும் பண்ணிசையை எந்தப் பகுப்பும் முற்றிலும் அடக்காது. ஆயினும் 24 எதிர் 22 என்னும் வாதத்தை எண்ணிக்கையால் தீர்க்காமல், ஒவ்வொரு சுரத்தின் இடத்தையும் தனித்தனியே அளந்து ஆராய்வதே பயன் தரும்.