30 மைதானங்கள்... 15,000 கிலோமீட்டர்... ஒரு கார்! - அமெரிக்கக் குடும்பங்களின் பேஸ்பால் யாத்திரை

வேன் பிடித்து, நாலே நாளில் அறுபடை வீடுகளையும் தரிசித்துவிட்டு வருபவர்கள் நம் ஊரில் உண்டு. 108 திவ்ய தேசங்களை வருஷத்துக்கு நாலு, ஐந்து என்று ஆயுள் முழுக்கச் சேவிப்பவர்களும் உண்டு. அமெரிக்காவிலும் இப்படி ஒரு யாத்திரை இருக்கிறது. ஆனால், அங்கே போய்ச் சேருவது கோயிலுக்கு அல்ல, பேஸ்பால் மைதானத்துக்கு!

'மேஜர் லீக் பேஸ்பால்' என்பது அந்த நாட்டின் உச்சகட்ட பேஸ்பால் தொடர். மொத்தம் 30 அணிகள். 29 அணிகள் அமெரிக்காவில், ஒன்று மட்டும் கனடாவின் டொரன்டோ நகரில். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சொந்த மைதானம். இந்த முப்பதிலும் உட்கார்ந்து ஓர் ஆட்டமாவது பார்த்துவிட வேண்டும் என்பது அங்கே பல குடும்பங்களின் கனவு. அப்பாவும் மகளும் கிளம்புகிறார்கள், ஓய்வுபெற்ற தம்பதி கிளம்புகிறார்கள், கல்லூரி முடித்த நண்பர்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. திட்டம் போட உட்கார்ந்தால்தான் தலை சுற்றும்.

எல்லா மைதானமும் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பயணத்தின் சுவாரஸ்யமே அதில்தான் இருக்கிறது.

கிரிக்கெட்டில் எல்லைக் கோட்டின் தூரம் மாறும். கயிற்றை நகர்த்திப் போட்டால் போதும். பேஸ்பாலில் எல்லை என்பது கட்டி எழுப்பிய சுவர். பேஸ்களுக்கு நடுவே 90 அடி, பந்து வீசுபவருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவே 60 அடி 6 அங்குலம் என்பதெல்லாம் எங்கும் ஒன்றுதான். ஆனால், சுவரின் தூரமும் உயரமும் வளைவும் ஊருக்கு ஊர் வேறு. ஓர் ஊரில் ஹோம் ரன் ஆகும் அடி, இன்னோர் ஊரில் சாதாரண கேட்ச்சாக முடிந்துவிடும்.

பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடதுபக்கச் சுவர் 37 அடி உயரம். 'பச்சை அரக்கன்' என்றே அதற்குப் பெயர். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் செங்கல் சுவர் முழுக்கப் பச்சைக் கொடி படர்ந்திருக்கும். பந்து கொடிக்குள் சிக்கிக்கொண்டால் பேட்ஸ்மேனுக்கு இரண்டு பேஸ் என்று தனி விதி. அந்த மைதானத்தில் 1988 வரை இரவு விளக்கே கிடையாது. எல்லா ஆட்டமும் பகலில்தான்.

டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசாக இருப்பதால் அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கும். அங்கே மேல்தளத்தில் ஒரே ஒரு வரிசை இருக்கைகள் மட்டும் ஊதா நிறம். சரியாக 5,280 அடி, அதாவது ஒரு மைல் உயரம் என்பதைக் காட்டுவதற்காக! சான் ஃபிரான்சிஸ்கோவில் வலதுபக்கச் சுவரைத் தாண்டினால் கடல். விழும் பந்தைப் பிடிக்க, சிறு படகுகளில் ரசிகர்கள் காத்திருப்பார்கள்.

பிட்ஸ்பர்க்கில் ஆட்ட நாளன்று மைதானத்துக்குப் போகும் பாலத்தில் வாகனங்களை நிறுத்திவிட்டு, நடப்பவர்களை மட்டும் விடுகிறார்கள். அந்தப் பாலத்துக்கு ராபர்ட்டோ கிளமென்ட்டேயின் பெயர். நிகரகுவா பூகம்பத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோனபோது, 1972 டிசம்பர் 31 அன்று விமான விபத்தில் இறந்த வீரர் அவர்.

வரைபடம் ஒன்று சொல்லும், காலண்டர் வேறு சொல்லும்!

முப்பது ஊரையும் ஒரே சுற்றில் இணைத்தால், எப்படிச் சுருக்கினாலும் 15,000 கிலோமீட்டருக்குக் குறையாது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நான்கு முறை ஓட்டுவதற்குச் சமம்.

எந்த வரிசையில் போவது? முப்பது இடங்களைச் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்ப எத்தனை வழிகள் இருக்கின்றன என்று கணக்குப் போட்டால், 4-க்குப் பக்கத்தில் 30 பூஜ்யம் போட்டால் வருவதைவிடப் பெரிய எண் வருகிறது. கணிதத்தில் இதற்கு 'விற்பனையாளர் பயணக் கணக்கு' என்று பெயர்.

அதையாவது கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாம். உண்மையான சிக்கல் வேறு. நீங்கள் போய்ச் சேரும் நாளில் அந்த அணி ஊரில் இருக்க வேண்டுமே!

மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை, ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். அதில் 81 மட்டுமே சொந்த ஊரில். ஒரு வாரம் ஊரில் ஆடினால், அடுத்த வாரம் வெளியூர். ஜூலை நடுவில் நட்சத்திர ஆட்டத்துக்காகச் சில நாள் தொடரே நின்றுவிடும். நியூயார்க், சிகாகோ நகரங்களில் இரண்டிரண்டு அணிகள். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஒன்று ஊரில் இருந்தால், மற்றது வெளியூரில் இருக்கும்.

ரசிகர்களுக்கே இந்த அட்டவணை இத்தனை கஷ்டம் என்றால், இதைத் தயாரித்தவர்களுக்கு? 1980-களின் தொடக்கத்திலிருந்து 2004 வரை இந்த வேலையைச் செய்தது ஹென்றி - ஹாலி ஸ்டீஃபன்சன் என்ற கணவன், மனைவி! எந்த அணி என்று, எங்கே ஆட வேண்டும், எத்தனை நாள் தொடர்ந்து வெளியூரில் இருக்கலாம் என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் உதவியோடு அந்த இருவர் கோத்துக் கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் ஒரு சீசனுக்கு 2,430 ஆட்டங்கள்.

தொலைதூர ஊர்களுக்கு முதலில் தேதி குறியுங்கள்

திட்டம் போடும்போது பலரும் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மைதானத்திலிருந்து தொடங்குவார்கள். தலைகீழாகத் தொடங்குவது நல்லது.

சியாட்டிலுக்கு மிக அருகில் இருக்கும் இன்னொரு பெரிய மைதானமே, தெற்கே 1,200 கிலோமீட்டருக்கு அப்பால் கலிஃபோர்னியாவில்தான். டென்வரிலிருந்து கான்சாஸ் சிட்டிக்குக் கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர். மியாமி நாட்டின் தெற்கு முனையில் இருக்கிறது. இந்த ஊர்களில் ஆட்டத்தைத் தவறவிட்டால், திரும்பி வருவதற்கு இரண்டு, மூன்று நாள் போய்விடும். அதனால் இவற்றின் தேதியை முதலில் உறுதிசெய்துகொண்டு, மற்றதை நடுவில் நிரப்ப வேண்டும்.

நெருக்கமான ஊர்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்துக்கொள்ளலாம். பாஸ்டன், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர், வாஷிங்டன் ஆகிய ஐந்து நகரங்களில் ஆறு மைதானங்கள். மொத்தத் தூரமே சுமார் 700 கிலோமீட்டர்தான். சிகாகோவிலிருந்து மில்வாக்கி 150 கிலோமீட்டர். பிட்ஸ்பர்க், கிளீவ்லேண்ட், டெட்ராய்ட் மூன்றும் ஒரு நாள் ஓட்டத்துக்குள் அடங்கிவிடும். இங்கெல்லாம் ஓர் ஆட்டம் தள்ளிப்போனாலும் வரிசையை மாற்றிச் சமாளித்துவிடலாம்.

அடுத்த ஆண்டுக்கான அட்டவணை, பெரும்பாலும் முந்தைய ஆண்டின் கோடையிலேயே வெளியாகிவிடுகிறது. ஆக, யோசிக்க ஏழெட்டு மாதம் அவகாசம் கிடைக்கும்.

கிளம்புவதற்கு முன்...

* வாரத்துக்கு ஒரு நாளைக் காலியாக விடுங்கள். மழை பெய்தால் ஆட்டம் ரத்தாகி, வேறு தேதிக்குப் போய்விடும். 'ரெயின் செக்' என்ற ஆங்கிலப் பேச்சுவழக்கே, மழையால் நின்ற பேஸ்பால் ஆட்டத்துக்குக் கொடுத்த மாற்று டிக்கெட்டிலிருந்து வந்ததுதான். டொரன்டோ, மில்வாக்கி, ஹூஸ்டன், ஆர்லிங்டன், ஃபீனிக்ஸ், மியாமி, சியாட்டில் ஆகிய ஏழு ஊர்களில் திறந்து மூடும் கூரை உண்டு. அங்கே மழை பயம் இல்லை.

* ஆட்டம் முடிந்ததும் இரவோடு இரவாக அடுத்த ஊருக்கு ஓட்டாதீர்கள். 30 நாளில் முப்பதையும் ஓடி முடித்தவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்த வேகம் ஆகாது. தூக்கக் கலக்கத்தில் கார் ஓட்டுவதுதான் இந்தப் பயணத்தின் பெரிய ஆபத்து.

* 2023-ல் பந்து வீசுவதற்கு நேரக் கட்டுப்பாடு வந்தபிறகு ஆட்டங்கள் சுருங்கிவிட்டன. முன்பு சராசரியாக 3 மணி நேரத்துக்கு மேல் போனது, அந்த ஆண்டில் 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. மாலை ஏழு மணி ஆட்டத்துக்குப் போனாலும், பத்து மணியையொட்டிப் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிடலாம்.

* வாரநாள் டிக்கெட், வார இறுதியைவிடப் பொதுவாக விலை குறைவு. எந்த அளவு பை கொண்டுபோகலாம், வீட்டுச் சாப்பாட்டை அனுமதிப்பார்களா என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும். அணியின் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

* டொரன்டோ போக எல்லையைத் தாண்ட வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டில் அமெரிக்காவுக்குச் சுற்றுலா போனவர்கள், கனடாவுக்குத் தனி விசா எடுக்க வேண்டும்.

* பல மைதானங்களில் முதல்முறை வருபவர்களுக்கு, உதவி மையத்தில் கேட்டால் இலவசமாக ஒரு சான்றிதழ் தருகிறார்கள். பிள்ளைகள் பத்திரமாகச் சேர்த்து வைப்பார்கள்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் ஊர் அப்பா, அம்மாக்கள் பலரும் கோடையில்தான் போகிறார்கள். அதுதான் பேஸ்பால் சீசன். பேரப்பிள்ளைக்கு அந்த ஆட்டம் தெரியும், தாத்தாவுக்குக் கிரிக்கெட் தெரியும். ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஆளுக்கு மூன்று அவுட் என்று தொடங்கினால், ஒரு வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் காலியாவதற்குள் ஆட்டம் புரிந்துவிடும். முப்பது மைதானம் வேண்டாம், நெருக்கமாக இருக்கும் இரண்டு போதும்.

பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது

பணமும் லீவும் சேரட்டும், பிறகு போகலாம் என்று இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மைதானங்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை.

1912 ஏப்ரல் 20. ஒரே நாளில் இரண்டு மைதானங்கள் திறக்கப்பட்டன. ஒன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க். இன்னொன்று டெட்ராய்டில், பிற்காலத்தில் டைகர் ஸ்டேடியம் என்று அழைக்கப்பட்டது. ஃபென்வேயில் இன்றும் ஆட்டம் நடக்கிறது. டைகர் ஸ்டேடியத்தில் கடைசி ஆட்டம் 1999 செப்டம்பரில் முடிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, எஞ்சியிருந்த கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். 1923-ல் திறந்த பழைய யாங்கி ஸ்டேடியமும் இப்போது இல்லை. ஃபென்வேயையும் 1914-ல் கட்டிய ரிக்லி ஃபீல்டையும் விட்டால், அந்தக் காலத்து மைதானம் என்று சொல்ல வேறு எதுவும் மிச்சமில்லை.

அண்மை உதாரணம், ஓக்லேண்ட். 1968 முதல் 57 சீசன்கள் அங்கே ஆடிய அத்லெட்டிக்ஸ் அணி, 2024 செப்டம்பர் 26 அன்று கடைசி ஆட்டத்தை ஆடியது. 46,000 பேருக்கு மேல் திரண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அணியின் மேனேஜர் மார்க் காட்சே, மைதானத்தில் நின்று ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். அடுத்த ஆண்டு அந்த அணி, சாக்ரமென்டோ அருகே சுமார் 14,000 பேர் அமரும் சிறிய மைதானத்துக்குக் குடிபோனது. ஊர்ப் பெயர்கூட இல்லாமல் வெறும் 'அத்லெட்டிக்ஸ்' என்ற பெயரில் ஆடுகிறது. 2028-ல் லாஸ் வேகாஸில் புது மைதானத்துக்குப் போவதாகத் திட்டம்.

2024 அக்டோபரில் வீசிய மில்டன் சூறாவளி, ஃபுளோரிடாவில் டேம்பா பே அணியின் மைதானக் கூரையையே கிழித்தெறிந்துவிட்டது. 2025 சீசன் முழுக்க அந்த அணி பக்கத்து ஊரில் இரவல் மைதானத்தில் ஆட வேண்டியதாயிற்று.

ஆகவே, எந்த மைதானம் அருகில் இருக்கிறது என்று பார்ப்பதோடு, எது சீக்கிரம் மூடப்படப்போகிறது என்றும் பாருங்கள். கூட வரவேண்டியவர்களுக்கும் இதே கணக்குதான். பத்து வயதில் கூப்பிட்டதும் ஓடிவரும் பிள்ளை, பதினெட்டு வயதில் நண்பர்களோடு போய்விடும். எழுபது வயதில் மேல்தளம் வரை படியேறும் தாத்தாவுக்கு, எழுபத்தைந்தில் முழங்கால் ஒத்துழைக்காமல் போகலாம்.

ஒரே கோடையில் முப்பதையும் முடிக்க முடியாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. வருஷத்துக்கு ஒரு கொத்து என்று வைத்துக்கொண்டால் ஆறேழு வருஷத்தில் முடிந்துவிடும். அதற்குள் லாஸ் வேகாஸ் மைதானம் திறந்துவிட்டால், ஏற்கெனவே முப்பதையும் பார்த்து முடித்தவர்களும் மறுபடி காரை எடுக்க வேண்டியதுதான். அடுத்த சீசன் அட்டவணை வெளியானதும், வீட்டில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து ஒரே ஒரு தேதியை மட்டும் வட்டமிடுங்கள்.