பழைய பூட்டு

இணையத்தின் வழியே செல்லும் செய்தி, உரியவரை அடையுமுன் பல கணினிகளைக் கடக்கின்றது. இடையிலுள்ளோர் படித்துவிடாதவாறு அதனைக் குறியெழுத்துகளாக மாற்றி அனுப்புதல் குறியாக்கம் எனப்படும். இதற்கென நெட்ஸ்கேப் நிறுவனம் வகுத்த விதிமுறைகளுள் ஒன்று, 1996ஆம் ஆண்டில் வெளிவந்த எஸ்.எஸ்.எல். மூன்றாம் பதிப்பாகும். 1999இல் அதனினும் சிறந்த டி.எல்.எஸ். என்னும் முறை தோன்றிற்று. எனினும் பழையதை எவரும் அகற்றினாரில்லை. பழங்கணினி உடையோர் வழியற்றுப் போவரே என்னும் இரக்கத்தால், புதிய உலாவிகளும் அதனை ஒரு மூலையில் வைத்திருந்தன.

அவ்விரக்கமே திருடர்க்கு வாயிலாயிற்று. 2014ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கூகிள் ஆராய்ச்சியாளர் மூவர் இதனை வெளிப்படுத்தினர். அத்தாக்குதலுக்குப் பூடில் என்று பெயர். அது சுருள்மயிர் நாய் ஒன்றின் பெயருமாகும். உலாவி முதலில் புதிய முறையிலேயே பேசத் தொடங்கும். இடையே நிற்பவன் அப்பேச்சைத் துண்டிப்பான். எதிர்க்கணினி பழையது போலும் எனக் கருதி உலாவி ஒரு படி இறங்கும். மீண்டும் துண்டிப்பான், மீண்டும் இறங்கும். இறுதியில் எஸ்.எஸ்.எல். மூன்றை வந்தடையும்.

குறை இருந்தது அங்கேதான். அம்முறையில் செய்தி சம அளவுள்ள கட்டங்களாகப் பகுக்கப்பெறும். இறுதிக் கட்டத்தில் எஞ்சும் இடத்தைப் பொருளற்ற எழுத்துகளால் நிரப்புவர். மரக்காலில் நெல் குறைந்தவிடத்துப் பதரை இட்டு நிரப்புதல் போன்றது இது. அப்பதரைச் சோதித்தல் வேண்டும் என்னும் விதி அதில் இல்லை. ஆகவே திருடன், உலாவியை ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பச் செய்து, தான் அறிய விரும்பும் கட்டத்தைப் பதர் இருந்த இடத்தில் வைப்பான். எதிர்க்கணினி பெரும்பாலும் அதனைத் தள்ளிவிடும். சராசரியாக 256 முயற்சிகளுள் ஒருமுறை ஏற்கும். ஏற்றவுடன் ஓர் எழுத்து அவனுக்குப் புலனாகும். சலியாது முயன்றால், இவர் இன்னார் என வலைத்தளத்துக்கு உணர்த்தும் அடையாளச் சீட்டு முழுவதும் அவன் கைப்படும். பின்னர் அவன் அவராகவே நடமாடலாம்.

எழுதியவர் கைப்பிழையாயின் திருத்திவிடலாம். இதுவோ விதியிலேயே அமைந்த குறை. ஆதலின் பழைய முறையை நீக்குவதன்றி வேறு முடிவான வழி இல்லை. சில மாதங்களில் பயர்பாக்ஸ், குரோம் ஆகிய உலாவிகள் அதனைக் கைவிட்டன. 2015ஆம் ஆண்டு ஜூன் திங்களில், இணைய விதிகளை வகுக்கும் குழுவும் அதனைப் பயன்படுத்தலாகாது என அறிவித்தது.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆறாம் பதிப்பை அன்றும் வைத்திருந்தோர்க்குப் பல தளங்கள் திறவாமற் போயின. அவ்வுலாவியிலும் டி.எல்.எஸ். இருக்கவே செய்தது; ஆனால் இயக்கப்பெறாமல் உறங்கியிருந்தது. அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டத்திற் குறியிட்டாற் போதும். அதனை அவர்க்கு எடுத்துச் சொல்வார் வேண்டுமன்றோ?