ஒரு அயர்ன் பாக்ஸ் கரண்ட்ல 3,000 கிலோமீட்டர்: சோலார் காரைப் பத்தி ஊருக்கு எப்படிச் சொல்றது?

இன்னைக்கு எபிசோட் ஒரு சொதப்பல்ல இருந்து ஆரம்பிக்குது. சொதப்பினது நான்தான்.

ராஜா அண்ணாமலைபுரத்துல எங்க அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில, மாசத்துக்கு ஒரு ஞாயிறு யாராவது ஒருத்தர் தனக்குத் தெரிஞ்ச விஷயத்தைப் பத்திப் பேசணும். என் முறை வந்தப்போ, அடையாறு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஐஐடி மெட்ராஸ் மாணவர்களோட சோலார் கார் டீமைப் பத்திப் பேசினேன். டீம் பேரு ‘அக்னிரத்’. அவங்க காரு ‘ஆக்னேயா’. ஆஸ்திரேலியாவுல 1987-ல இருந்து நடக்கிற சோலார் கார் பந்தயத்தை மனசுல வச்சு உருவான வண்டி. வடக்குல டார்வின், தெற்குல அடிலெய்டு. நடுவுல சுமார் 3,000 கிலோமீட்டர்.

“இனிமே பெட்ரோல் வேண்டாம், சார்ஜர் வேண்டாம், நாளைக்கு நம்ம கார் இதுதான்!”னு பில்டப் கொடுத்தேன். நல்ல கைதட்டல். அப்போ மூணாவது மாடி அங்கிள் கேட்டார்: “அப்போ என் கார் கூரையிலயும் பேனல் ஒட்டிட்டா போதுமாப்பா?”

அங்கேயே கணக்குப் போட்டோம். சாதாரண கார் கூரையில 2 சதுர மீட்டர் பேனல் வைக்கலாம். உச்சி வெயில்ல 400 வாட்ஸ். நாள் முழுக்கச் சேர்த்தா 2 யூனிட். ஒரு எலெக்ட்ரிக் கார் அதுல 12, 14 கிலோமீட்டர் போகும். இங்கிருந்து கிண்டி போயிட்டு வரலாம். அதுக்கும் வண்டி நாள் பூரா வெயில்ல நிக்கணும். சென்னையில நாம கார் நிறுத்த மரத்தடியைத்தானே தேடுவோம்?

கூட்டம் சிரிச்சது. அந்தச் சிரிப்புல என் பேச்சு மேல இருந்த நம்பிக்கையும் போயிடுச்சு. அப்போ ஒரு பிளஸ் டூ பொண்ணு கேட்டா: “அப்புறம் எதுக்குண்ணா இதைச் செய்யறாங்க?” அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்போ இருக்கு.

2023 போட்டியில, பந்தயத்துக்குன்னே செய்யுற ஒரு ஆள் வண்டிக்கு அனுமதிச்ச சோலார் செல் அளவு 4 சதுர மீட்டர். ரெண்டு கதவைப் பக்கத்துல பக்கத்துல படுக்க வச்ச மாதிரி. அது மேல விழற வெயில் 4,000 வாட்ஸ்னா, கரண்டா மாறுறது கால்வாசிகூட இல்ல. கிட்டத்தட்ட ஒரு அயர்ன் பாக்ஸுக்குத் தேவையான கரண்ட். அதை வச்சு அந்த வருஷம் ஜெயிச்ச பெல்ஜியம் மாணவர்கள் சராசரியா மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்துல போனாங்க. கிளம்பும்போது பேட்டரியில இருந்த சார்ஜையும் சேர்த்து, நான் போட்ட தோராயக் கணக்குல மொத்தம் 40 யூனிட். 2016-ல நம்ம இ.பி. பில்லுல ரெண்டு மாசத்துக்கு இலவசம்னு அறிவிச்ச 100 யூனிட்ல பாதிகூட இல்ல!

எப்படி முடியுது? வேகம் ரெண்டு மடங்கானா, காத்தைக் கிழிக்கத் தேவையான பவர் எட்டு மடங்காகும். அதனாலதான் வண்டி அவ்வளவு தட்டையா, வழவழன்னு இருக்கு. எடையைப் பாத்துப் பாத்துக் குறைக்கிறாங்க. டயர் ஒல்லி. ஏசி கிடையாது, டிரைவர் கிட்டத்தட்ட படுத்துக்கிட்டு ஓட்டணும். சாதாரண எலெக்ட்ரிக் கார் ஒரு யூனிட்டுக்கு 6, 7 கிலோமீட்டர் ஓடுற இடத்துல இது 70 கிலோமீட்டருக்கு மேல ஓடுது.

அந்தப் பொண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: இந்த வண்டி உன் வீட்டு வாசலுக்கு வராது. ஒரு மனுஷனை நகர்த்த எவ்வளவு கம்மியான கரண்ட் போதும்னு காட்டத்தான் இதைச் செய்யறாங்க. அந்தப் பாடம் உன் ஸ்கூட்டருக்கும் பஸ்ஸுக்கும் வரும்.

நீங்க காலேஜ் டீம்ல இருந்தா, ஸ்டால் போடும்போது முதல்ல அயர்ன் பாக்ஸைக் காட்டுங்க, அப்புறம் காரைக் காட்டுங்க. “இதை வாங்க முடியுமா?”ன்னு யாராவது கேட்டா, “முடியாது”ன்னு நேரா சொல்லிட்டு, ஏன்னு விளக்குங்க. ஸ்பான்சர்கிட்டயும் அதையே சொல்லுங்க. பில்டப்பை நம்பிப் பணம் கொடுத்தவர், பில்டப் உடைஞ்சதும் உங்களுக்கு அடுத்து வர்ற பேட்சுக்குக் கதவைத் திறக்க மாட்டார்.

அடுத்த மாசம் மொட்டை மாடியில எனக்கு 10 நிமிஷம் கேட்டிருக்கேன். அயர்ன் பாக்ஸ் அங்கிள் வீட்டுல இருந்து வருது. பார்ப்போம் மக்களே!